கடைசித் தெரு

வால்வுக்காரருக்கு வீடியோ கேம் என்றாலே ஆகாது. மச்சினன் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு, கேம் செய்கிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து, "கழுதை வயசாச்சு, இன்னும் விளையாட்டுப் புத்தி போகலை" என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தவர் அவர். அதே ஆள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுக் கூடத்தில், அந்த விளையாட்டிடமே கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேல்நிலைத் தொட்டி, அதற்குக் கீழே ஒன்பது தெரு, தெருவுக்கு ஒரு வால்வு. நெஞ்சளவு உயரமுள்ள இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார். ஒரு தெருவுக்கு இருபத்தைந்து நிமிடம் தண்ணீர் விட்டு, அடைத்து, அடுத்த தெருவுக்குப் போவார். தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். காலியாக ஆக வேகம் குறையும். எட்டாவது தெரு வரை எப்படியோ ஒப்பேறிவிடும். ஒன்பதாவது தெருவுக்கு எட்டு இருபதுக்குத் திறக்கும்போது குழாயில் நூல் போலத்தான் வரும். ஆகவே எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு கடைசியில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை முடிவுசெய்வது அவர் ஒருவர். புகார் வராதவரை ஆபீசில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கடைசித் தெரு அவர் குடியிருக்கும் தெரு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இரண்டாவது தெரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே யாரிடமோ சொன்னார்: "வால்வுக்காரர் வீட்டுக்குத் தண்ணிக்கு என்ன பஞ்சம்? சாவியே அவர் கையில." சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே தன் தெருவைக் கடைசிக்குத் தள்ளினார். அதற்குப் பிறகு அவரை நோக்கி ஒரு விரல் நீண்டதில்லை. நேர்மையான மனுஷன் என்று எட்டுத் தெருவிலும் பெயர். அந்தப் பெயரை அவர் சட்டைப்பையில் வைத்துத் தடவிக்கொண்டே திரிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது தெருவில் கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். முதலில் கேட்டது மனைவி. "ஏங்க, நம்ம தெரு மட்டும் ஏன் எப்பவும் கடைசி?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நம்ம தெரு பைப்பு ரொம்பப் பழசு. தொட்டி ரொம்பி இருக்கும்போது திறந்தா அழுத்தம் தாங்காம வெடிச்சிடும். அதான் கடைசியில வைக்கிறேன்" என்று ஒரு போடு போட்டார். ஒரு நாள் சமாளிக்கச் சொன்ன பொய். அது தெரு முழுக்க நடந்து, நாற்பத்தொரு வீட்டிலும் குடியேறிவிட்டது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மனு எழுதுவதில் மன்னன், அதனால் மனு வாத்தியார் என்றே பெயர். அவர் புது பைப்பு கேட்டு மூன்று மனு எழுதினார். மூன்றையும் ஆபீசுக்கு எடுத்துப்போனது யார்? வால்வுக்காரரேதான். அங்கே எந்த இழுப்பறையில் போட்டார் என்பதை அவர் மனசாட்சியைக் கேட்க வேண்டும்.

மனைவிக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எட்டே முக்கால் வரை வாளிக்குள் நூலாக விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் எப்படி ஒன்பதுக்குப் போவாள்? பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே தாமதம் என்று சிவப்பு மையில் குறிதான். மேற்பார்வை வேலை அவளுக்குப் பிறகு சேர்ந்த ஒருத்திக்குப் போனது. "பாழாப்போன பைப்பு" என்று பைப்பைத் திட்டினாளே தவிர, ஒரு நாளும் புருஷனைத் திட்டியதில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலையில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். அவன் செய்யும் கேமில் துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. இதற்கு முன் செய்தது, வாடகைக்கு வீடு தேடி அலைகிற ஒரு குடும்பத்தைப் பற்றியது. விளையாடியவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். இப்போது தண்ணீர்.

"அத்தான், ஒரு ஊர்ல யாருக்கு எது முதல்ல கிடைக்குது, யார் கடைசியில நிக்கிறாங்க, இதுதானே அரசியல்? அதை மேடையில பேசினா தூங்கிடுவாங்க. கையில சாவியைக் கொடுத்து, நீயே திறந்து பாருன்னா முழிச்சுக்குவாங்க. உங்களை விட்டா எனக்கு யார் சொல்லித்தருவாங்க?"

இப்படிக் கேட்டால் யார்தான் குளிர்ந்துபோக மாட்டார்கள்? விளையாட்டுப் புத்தி என்று ஏசிய வாயால் மூன்று மாலை மடைதிறந்தாற்போலப் பேசினார் வால்வுக்காரர். எத்தனை சுற்று திருப்பினால் எவ்வளவு வேகம், எந்தத் தெருவில் எத்தனை வீடு, எல்லாம் சொன்னார். பேச்சுவாக்கில் பெருமையையும் அவிழ்த்துவிட்டார். "சொந்தத் தெருவைக் கடைசியில வைக்கிறேன் மாப்ளே. பைப்பு எல்லாம் ஒண்ணுதான். வேணும்னா முதல்ல திறக்கலாம். ஆனா கெட்ட பேர் வரக் கூடாதில்ல? இது உங்கக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தான்" என்றான் மச்சினன். சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், விளையாட்டில் மட்டும் அப்படியே வைத்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டை வெளியிடுவதற்கு முன்னால் நாலு பேர் ஆடிப் பார்க்கட்டும் என்று மச்சினன் லேப்டாப்பைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். மனு வாத்தியாரும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் வந்திருந்தார்கள். திரையில் ஒன்பது தெரு, குட்டிக் குட்டி வீடுகள், மேலே ஒரு தொட்டி. ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் ஒரு பட்டை. மக்களுக்கு நிம்மதி இருந்தால் பச்சை, கோபம் வந்தால் சிவப்பு. பட்டை முழுக்கச் சிவந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

முதலில் வால்வுக்காரர் ஆடினார். எட்டுத் தெரு பச்சை, ஒன்பதாவது மட்டும் சிவப்பு. அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பெண் வாளியோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"யாருடா இவ? பாவம், கால் வலிக்காதா?" என்றாள் மனைவி.

"நீதான்க்கா."

கூடமே சிரித்தது. வால்வுக்காரர் மட்டும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார்.

அடுத்து மனைவி ஆடினாள். "நான் மட்டும் வால்வுக்காரியா இருந்தா முதல்ல என் தெருதான். ஆனா பைப்பு வெடிச்சிடுமே. வெடிச்சா ஆட்டம் அவ்வளவுதானா?"

"எந்தப் பைப்புக்கா?"

"எங்க தெரு பழைய பைப்பு. அதை இதுல வைக்கலையா?"

மச்சினன் பேந்தப் பேந்த விழித்தான். சமையலறை வாசலுக்கு வால்வுக்காரர் விரைந்து வந்தார். "டேய், லேப்டாப் சூடாயிடுச்சு பார், மூடிவை" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. மனைவி ஒன்பதாவது தெரு வால்வை முதலில் திறந்துவிட்டு, வெடிக்கப்போகிறது என்று கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வெடிக்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் கொட்டியது. பட்டை கிடுகிடுவென்று பச்சையானது. திரையில் நின்ற பெண் வாளியைக் கீழே வைத்தாள்.

"உன் விளையாட்டுல தப்பு இருக்குடா."

"இல்லக்கா, பைப்பு எல்லாம் ஒண்ணுதான்னு அத்தானே..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எல்லார் தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. வால்வுக்காரர் டம்ளரும் கையுமாக நின்றார். விளையாட்டு பொய் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் குட்டிப் பெண்ணின் கையில் வாளி இல்லாததைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை. டீக்கடைக்காரர் சொன்னதிலிருந்து மனுக்கள் போன இழுப்பறை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மூணு மனு!" என்று வாத்தியார் நெஞ்சில் கைவைத்தார். "மூணுலயும் எத்தனை 'மேன்மை பொருந்திய', எத்தனை 'தாழ்மையுடன்'! அத்தனையும் வீணா?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நல்ல பேர் உங்களுக்கு. வாளி தூக்கினது நான். நான் மட்டுமா? நாற்பத்தொரு வீடு. எங்க முறையை எங்களைக் கேட்டா விட்டுக்கொடுத்தீங்க?"

வால்வுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். தன் வீட்டைத்தான் கஷ்டப்படுத்துகிறோம், அது தன் உரிமை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். மீதி நாற்பது வீட்டை அவர் எண்ணவே இல்லை.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை இழுத்தாள். கோபம் வந்தால் வேலை செய்கிற ஜாதி அவள். அச்சகத்தில் பக்கங்களை அடுக்கிப் பழகிய கை. விளையாட்டின் முதல் நாள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகத் திறந்தாள். மறுநாள் முதல் தெருவைக் கடைசிக்கு அனுப்பிவிட்டு இரண்டிலிருந்து ஆரம்பித்தாள். அதற்கடுத்த நாள் மூன்றிலிருந்து. ஒன்பது நாள் சுற்றி முடித்தபோது ஒரு பட்டைகூட முழுப் பச்சையாக இல்லை, ஒன்றுகூடச் சிவக்கவும் இல்லை. எல்லாத் தெருவும் கொஞ்சம் முணுமுணுத்தது. குடத்தோடு யாரும் ரோட்டுக்கு வரவில்லை.

"இதை எழுதித் தொட்டிச் சுவர்ல ஒட்டுங்க. அதுக்கு முன்னாடி நாற்பத்தொரு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனார். நாற்பத்தொரு வாசலிலும் அசடு வழிய நின்றார். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் உட்காரவைத்து வெளுத்து வாங்கினார்கள். அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தது மனு வாத்தியார். 'மேன்மை பொருந்திய' என்று ஆரம்பிக்கப்போனவரைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

அட்டவணைப்படி ஒன்பதாவது நாள் அவர் தெருவைத்தான் முதலில் திறக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலை ஐந்து மணிக்குச் சாவியை மாட்டியவர் திருப்பாமல் நின்றார். தெருவில் நாலைந்து பேர், எதற்கும் இருக்கட்டும் என்று, வாசலை விட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூத்து என்னவென்றால், பைப்பு வெடித்துவிடுமோ என்று அவருக்கே உள்ளூரப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சொன்ன பொய் சொன்னவரையே நம்பவைத்திருந்தது.

பால் கேனைத் தொங்கவிட்டபடி சைக்கிளில் வந்தார் இரண்டாவது தெரு டீக்கடைக்காரர். வால்வுக்காரர் சாவியை இறுக்கிப் பிடித்தார். இதோ, அதையே மறுபடியும் சொல்லப்போகிறார்.

"இன்னிக்கு உங்க தெருவா முதல்ல? சார்ட்ல பார்த்தேன். என்ன சாமி கும்பிட்டுட்டு நிக்கிறீங்க? சட்டுனு திறங்க, அடுத்தடுத்த தெருவுக்கு நேரமாகுதில்ல" என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பழைய வார்த்தை அவருக்கு ஞாபகமே இல்லை.

வால்வுக்காரர் சாவியைத் திருப்பினார். நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை "மழை, மழை" என்று கத்தியது.

ஆறரை மணிக்கு, நாலாவதாகத் திறந்த தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சும்மா. அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எல்லாம் ரொம்பிடுச்சு. குளிச்சாச்சு, சமைச்சாச்சு. மணி ஏழுகூட ஆகலை. இந்த நேரத்துல மத்தவங்கல்லாம் என்னதாங்க பண்ணுவாங்க?"

"மன்னிச்சிடு" என்றார்.

"பார்க்கலாம். அதுக்கும் ஒரு சார்ட் போட்டிருக்கேன். நாளைக்கு நாமதானே கடைசி?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கு நான் கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பறேன்."

எட்டரை மணிக்கு அன்றைய கடைசித் தெருவில் சாவியோடு நின்றுகொண்டிருந்தபோது அவர் போன் சிணுங்கியது. மனைவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அச்சகத்து கேட். அதில் பெரிய பூட்டு தொங்கியது. கீழே எழுதியிருந்தாள்: "இந்த கேட்டுக்குப் பூட்டு இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."