எட்டு இடத்தில் முப்பத்து மூன்று

சைதாப்பேட்டை பஜார் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் அன்புக்கரசி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ருஷ்யாக்காரி வீடு என்றால் சந்தே கைகாட்டும். அந்தப் பெயர் அவளுக்கு வந்தது 1987-இல். பத்தாவது முடித்துவிட்டு மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து அடுக்கும் வேலையில் இருந்தாள். ஆழ்வார்பேட்டையில் இருந்த ருஷ்யக் கலாசார நிலையத்தின் அழைப்பிதழ் ஒன்று அச்சுக்கு வந்தது. புரூஃப் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள், அங்கே சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டவணையை நின்று எண்ணினாள். மொத்தமே முப்பத்து மூன்று. தமிழுக்கு எழுத்துப் பெட்டியின் எத்தனை அறைகளில் கை போட்டு எழுத்து பொறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு கொஞ்ச எழுத்தில் ஒரு பாஷையா என்று ஆசை வந்துவிட்டது. செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணி வகுப்பில் சேர்ந்தாள். நான்கு வருஷத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை.

அண்ணன் செம்பியன் பாண்டி பஜாரில் தையல்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோவியத் நாடு உடைந்த செய்தி வந்த அன்று கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அரசி, நாடே கடைய மூடிட்சாம். நீ இன்னும் பாடம் படிச்சிக்கினு கீற?"

"நாடு பூட்டா இன்னாண்ணே? அங்க கீற ஜனம் நாளைலேர்ந்து ஊமையாவா பூடும்?"

ஏழு வருஷம் கழித்து அந்தப் பதில் பலித்தது. 1998 செப்டம்பரில், ருஷ்ய மொழி தெரிந்தவர்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. நந்தனத்தில் இரண்டாவது மாடியில் ஓர் அலுவலகம். நம் கடற்படைக்காக ருஷ்யாவில் ஒரு போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வருவதற்கு முன்னால் அதன் கையேடுகள் பெட்டி பெட்டியாக வந்தன. கப்பலில் போகப்போகிற மாலுமிகள் படிப்பதற்கு அவற்றை இங்கிலீஷில் மாற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர்க்காரர், மாஸ்கோவில் ஆறு வருஷம் படித்தவர். அவர் மாற்றியதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எண் எதுவும் தப்பவில்லை என்று பார்த்து, ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது அன்புக்கரசியின் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். 1999 மார்ச் 31-க்குள் கஸ்தூரிரங்கன் பரிந்துரை எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்ப அச்சகம்தான். காகிதம் ஒன்றும் அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது என்பது கண்டிப்பு. அவள் சாப்பாட்டுப் பையைக்கூட வாசலில் உதறிக் காட்டிவிட்டுத்தான் வருவாள்.

நான்காவது தொகுதி வான்பாதுகாப்பு. கப்பலின் முன்தளத்தில் ஒற்றைக் கை போல ஓர் ஏவுகருவி. கீழ்க்கிடங்கிலிருந்து ஏவுகணை மேலேறி அந்தக் கையில் மாட்டிக்கொள்ளும். எதிரி விமானம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கை திரும்பும். ஏவுகணை போய்ச் சேரும்வரை கப்பலின் ராடார் குறியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். படிக்கப் படிக்க அவளுக்கு எல்லாம் கண்ணெதிரே நடப்பது போல இருந்தது. மார்ச் 24-ஆம் தேதி ஒரு வரியில் மட்டும் கண் நின்றது. 'கை 33-க்கு வந்ததும் ஏவும் மின்சுற்று அறுபடும்.' கஸ்தூரிரங்கன் அதை முப்பத்து மூன்று டிகிரி என்று மாற்றியிருந்தார்.

மூலத்தில் டிகிரிக்கான சின்ன வட்டம் இல்லை. மற்ற கோணங்கள் எல்லாவற்றுக்கும் இருந்தது. தொகுதி முழுக்கத் தேடினாள். எட்டு இடத்தில் 33. ஏழில் வட்டம் இல்லை, அளவு இல்லை. எட்டாவது வேறு சங்கதி என்று அதற்கு மட்டும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

பிற்சேர்க்கையில் ஒரு தலைப்பைப் பார்த்ததும் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. 'ஸப்ரெத்னயா ஸோனா'. தடை வட்டாரம். அந்த மொழியில் 'ஸ' எழுத்து பார்வைக்கு மூன்று போலவே இருக்கும். இரண்டு சொல்லின் முதல் எழுத்தையும் சேர்த்துச் சுருக்கினால் 33! கலாசார நிலையத்தில் இருந்த பழைய தட்டச்சுப் பொறியில் மூன்றுக்குத் தனி விசையே கிடையாது. 'ஸ'வைத்தான் மூன்றாகவும் தட்டுவார்கள். இந்தப் பக்கங்களும் அப்படிப்பட்ட பொறியில் அடித்தவைதான்.

தடை வட்டாரம் என்றால், கை திரும்பும் வழியில் கப்பலின் சொந்த உடம்பு குறுக்கே நிற்கிற இடமெல்லாம். முப்பத்து மூன்று டிகிரி என்று படித்த மாலுமி, மற்றப் பக்கமெல்லாம் தாராளம் என்று நினைத்துக்கொள்வான். எதிரே இருப்பது அவனுடைய கப்பல் தலைவன் நிற்கும் மேடையாகவே இருந்தாலும்.

போய்ச் சொன்னாள்.

"இதுல என்னம்மா சந்தேகம்?" என்றார் கஸ்தூரிரங்கன். "வட்டம் போட மறந்திருப்பான். நான் அந்த ஊர்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். கையெழுத்தைப் போட்டுட்டு ஆத்துக்குக் கெளம்புங்கோ. நாளைக்குக் கட்டு போகணும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் கப்பல் பேச்சே எடுக்காமல் கேட்டாள்.

"ண்ணே, கௌளின்னு எழுத்து அடுக்கினா க-வுக்குப் பக்கத்துல மொதல்ல ஒரு ள வரும் பாரு. அதுவும் அடுத்த ளியும் ஒண்ணா?"

"கௌளி நம்ம வூட்டு செவுத்துலதான் கீதுன்னு நெனச்சேன். ஆபீஸ்லயும் கீதா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "இன்னா ஆச்சு? கையெழுத்து கேட்டாங்களா? போட்டுட்டு வாயேம்மா. இன்னும் ஏழு நாளு. பெரியவங்க சொன்னா சரியா இருக்கும்."

"பார்த்தேன்னு எழுதறேன்ணே. பார்த்தது வேற, எழுதறது வேறயா?"

பெரியவர்களைப் பற்றி அன்று அவன் சொன்னது தப்புதான்.

மறுநாள் அலுவலகத் தலைவர் ஜெயராம் கூப்பிட்டனுப்பினார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கஸ்தூரிரங்கன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா சைன் பண்ணல?"

அன்புக்கரசி ஒரு தாளில் 'கௌளி' என்று எழுதினாள். "சார், அச்சாபீஸ்ல இந்த ரெண்டு ள உருவத்தையும் ஒரே அறையிலேர்ந்துதான் எடுப்போம். ஈயத்துல வித்தியாசமே தெரியாது. மொதல்ல வர்றது எழுத்தே இல்ல, க-வோட சேர்ந்த குறி. ரெண்டாவதுதான் ள. படிக்கறவங்களுக்கு அர்த்தம் தெரியறதால குழம்பறதில்ல. ருஷ்யாக்காரங்க 'ஸ'வும் மூணும் அப்படித்தான் சார். அவங்களுக்குக் குழம்பாது. நமக்குத்தான் அது நம்பராத் தெரியுது."

ஜெயராம் தாளைப் பார்த்தார். கஸ்தூரிரங்கனும் எட்டிப் பார்த்தார்.

"கப்பல் கட்டறவங்களையே கேட்டுடலாம்" என்றார் ஜெயராம். ஃபேக்ஸ் போயிற்று. மார்ச் 31 வந்தது. பதில் வரவில்லை, பரிந்துரையும் வரவில்லை. ஏப்ரல் முதல் தேதி வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள். சந்தில் கேட்டவர்களுக்கு லீவு என்று சொன்னாள். செம்பியன் எட்டு நாளும் தினம் ஒரு தடவை, அலுவலகத்தில் நம்பர் கொடுத்திருந்த எதிர் வீட்டு டெலிபோன் வேலை செய்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஒன்பதாம் தேதி காலை மணி அடித்தது. உடனே வரச் சொன்னார்கள்.

போனபோது கஸ்தூரிரங்கன் ஃபேக்ஸ் தாளைக் கையில் வைத்திருந்தார். "படியுங்கோ" என்று நீட்டினார். அவள் ருஷ்யனில் உரக்கப் படித்தாள். கேள்வி கேட்டதற்கு நன்றி, அது சுருக்கம், எண் அல்ல என்று ஒரே வாக்கியம். கீழே யாரோ பேனாவால் 'ஸப்ரெத்னயா ஸோனா' என்று முழுசாக எழுதிக் கோடு போட்டிருந்தார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கண்ணுல மொதல்லயே முப்பத்து மூணுன்னு படிஞ்சுடுத்தும்மா. அப்புறம் எத்தனை தரம் பார்த்தாலும் அதுதான் தெரியறது." சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொரு முப்பத்து மூன்றையும் அடித்துத் தடை வட்டாரம் என்று எழுதிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை போயிற்று. எட்டாவதில் பேனா இறங்கியது.

"சார், சார்! அது நெஜமாவே முப்பத்து மூணு. கிடங்கு மூடியில முப்பத்து மூணு போல்ட்டு."

கஸ்தூரிரங்கன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். "தப்பிச்சேன் போங்கோ. தடை வட்டாரத்தை ஸ்பேனர் போட்டுக் கழட்டுன்னு எழுதியிருப்பேன்!"

அவள் ஏழையும் இன்னொரு முறை எண்ணிவிட்டு, கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தேதி தாண்டியதைத் தான் பார்த்துக்கொள்வதாக ஜெயராம் சொல்ல, பரிந்துரைக் கடிதத்தைக் கஸ்தூரிரங்கனே உட்கார்ந்து அடித்தார். அடித்ததை ஜெயராமிடம் கொண்டுபோகாமல் அவளிடம் நீட்டினார். "இதையும் ஒரு தரம் பார்த்துடுங்கோ."

பார்த்தாள். அவள் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சொன்னாள்.