காசிம் பாய் உணர்ந்த நடுக்கம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில், கையளவு செயற்கைக்கோளைத் திசைதிருப்பும் சிறு சக்கரத்தை வடிவமைத்தேன். எடை குறைய, அது சுழலும் ஷாஃப்ட்டை மெலிதாக்கியது நான்தான்.

ஃபிட்டர் காசிம் பாய், சக்கரம் சுழலும்போது அதை மூடிய உலோகக் கூட்டின்மேல் விரல் வைத்தார். "இன்னாவோ நடுங்குது சார். இன்னொரு தபா பாத்துடலாம்."

"ராக்கெட் உங்க விரலுக்காகக் காத்துகினு நிக்குமா பாய்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

விண்ணில் சில வாரங்களிலேயே சக்கரம் இறுகி நின்றது. செயற்கைக்கோள் தாறுமாறாக உருண்டது. விசாரணை அறிக்கையில் 'பொருத்தியதில் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பாயின் வேலை போனது.

போன மாதம், உண்மையைச் சொல்லப் பழவேற்காட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இறந்துவிட்டிருந்தார். மனைவி டீ கொடுத்தார்.

"'என் கையாலதான் கெட்டுப்போச்சு'ன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு சார்."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த அம்மா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.