ஒற்றைக் கொடுக்குக் கூடை

மழை மாதங்களில் சதுப்புக் காட்டு நண்டுகள் என்ன செய்யும் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. முட்டை நிறைந்த பெண் நண்டுகள் குஞ்சு விடக் கடலை நோக்கி இறங்கும். ஆற்று முகத்தில் கூண்டுகள் காத்திருக்கும். அதே மாதங்களில் தீவிலுள்ள டத்தோ கிராமாட்டிலிருந்து கேத்தரின் என்றொரு பெண்மணி ஃபெர்ரி ஏறி, அக்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்கு வேலைக்குப் போவதை மட்டும் ஏனோ யாரும் ஆராயவில்லை. மழை விட்டால் நண்டு குறையும். கேத்தரினும் வேண்டாம்.

உயிர் நண்டின் கொடுக்குகளை மடக்கி, தண்ணீரில் ஊறிய தடித்த கயிற்றால் கட்டுவது அவள் வேலை. கயிற்றோடுதான் நிறுப்பார்கள். கயிற்றில் ருசி குறைவு என்று இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. கணவர் போன பிறகு, நண்டு கட்டும் கொட்டகையில் ஒரு முக்காலிதான் அவளுக்குப் பிழைப்பு. ஒருநாள் வராவிட்டால் அதில் வேறு ஆள் உட்காரும். அடுத்த மழைக்கும் அழைப்பு வராது.

போன மழையில், கயிறு சுற்றுவதற்குள் ஒரு பெரிய நண்டு அவளுடைய வலது கட்டைவிரலைப் பிடித்தது. பக்கத்தில் நண்டு கட்டிக்கொண்டிருந்த பிரமிளா கொடுக்கை ஒடிக்கப் போனாள்.

"ஒடிக்காத லா," என்றார் முதலாளி லோகேஸ்வரன். "முட்டை நண்டு. ஒத்தக் கொடுக்குன்னா பாதி வெலதான். தண்ணியில வைங்கக்கா, அதுவே விட்டுடும்."

"அதுக்கு எப்ப மனசு வருமாம்?" என்றாள் பிரமிளா.

"வரும் வரும். இழுத்தாதான் இறுக்கும்."

கேத்தரின் கையை வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். நண்டு நிதானமாக யோசித்தது. அது விட்டதும் லோகேஸ்வரன் முதலில் நண்டைத்தான் திருப்பிப் பார்த்தார். கொடுக்குகள் இரண்டும் பத்திரம்.

மறுநாள் விரல் வீங்கியிருந்தது.

"கிளினிக் போங்கக்கா," என்றாள் பிரமிளா.

"போனா எம்.சி.ன்னு லீவு சீட்டு குடுப்பான். அத வச்சு நண்டு கட்டவா?"

கையுறைக்குள் விரலை மறைத்துக்கொண்டு கட்டினாள். கை கறுத்தது. காய்ச்சலில் ஃபெர்ரியிலேயே விழுந்தாள். உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். லோகேஸ்வரன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. நண்டு அதற்குள் ஏதோ ஒரு கல்யாண மேசைக்கு முழு உடம்போடு போய்ச் சேர்ந்திருந்தது.

இந்த மழைக்கு அழைப்பு வரவில்லை. கேத்தரினே வந்தாள். முக்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.

"கட்டவெரல் இல்லாம முடிச்சு நிக்காதேக்கா," என்றார் லோகேஸ்வரன்.

"நிக்காது தம்பி. தெரிஞ்சுதான் வந்தேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மூலையைக் காட்டினார். "அந்தக் கூடைய பாத்துக்குங்க. ஒத்தக் கொடுக்கு சரக்கு. செத்தத மட்டும் பொறுக்கிப் போட்டா போதும். சம்பளம் பாதிதான்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள் பிரமிளா. "ஓடு கழட்டுனா இதுங்களுக்குப் புதுக் கொடுக்கு மொளைச்சிடுமாம்க்கா."

"அதுக்குள்ள வித்துடுவாங்க லா," என்றாள் கேத்தரின், இடது கையால் கூடையை இழுத்துக்கொண்டு.