வியாழக்கிழமை ஓடிய முப்பத்துமூன்று

ஆல்மிரா ஊரில் ஆர்டிஸ் டாலஃப்சனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அந்த வியாழக்கிழமையைத்தான் சொல்வார்கள். முப்பத்துமூன்றாம் எண் எஞ்சினுக்குப் பதினைந்து வருஷம் கரி அள்ளிப் போட்டவள் அவள் என்பது அதற்குப் பிறகுதான் அவர்கள் நினைவுக்கு வரும். ஊர் வாய் அப்படித்தான், நல்லதைத் தேடி எடுக்க அதற்கு நேரமாகும்.

அறுவடை இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தவள் ஆர்டிஸ். தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. கல்யாணம் ஒருமுறை நடந்து, சரிப்படாமல் முடிந்திருந்தது. கையில் வேலை இல்லாமல் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரின் சின்ன ரயில் கம்பெனி, பூங்காவில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினை எடுத்து மறுபடி ஓட்டப்போவதாகச் சொன்னது. கம்பெனி என்றால் பதினோரு மைல் தண்டவாளம், மக்காச்சோளமும் உரமும் இழுக்க இரண்டு டீசல் எஞ்சின், அவ்வளவுதான்.

முப்பத்துமூன்று ஒரு காலத்தில் குவாரியில் சரளை இழுத்த எஞ்சின். டீசல் வந்ததும் அதைப் பூங்காவில் நிறுத்திச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். எட்டு வயதில் அந்த வேலியைத் தாண்டி எஞ்சின் மேல் ஏறி, கவுனைக் கிழித்துக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் ஆர்டிஸ். அதை ஓடவைக்கப் போகிறார்கள் என்றதும் சும்மா இருப்பாளா? பெயின்ட் சுரண்ட ஒரு வாரம் வருகிறேன் என்று போனாள். போனவள் கரி போடுபவளாக அங்கேயே நின்றுவிட்டாள்.

சனி, ஞாயிறுகளில் ஓட்டினார்கள். விடிவதற்கு முன் ஆர்டிஸ் எஞ்சின் கொட்டகைக்குப் போய் அடுப்பை மூட்டுவாள். தண்ணீர் மெல்லச் சூடேறி, பாய்லர் முனகத் தொடங்கும்போது தெர்மாஸைத் திறந்து காபி குடிப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பிறவி எடுத்ததுபோல் இருக்கும் என்று பின்னாளில் சொல்வாள். நிஜமாகவே அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் வேறு இருந்ததில்லை.

ஆனால் நீராவி எஞ்சினுக்குச் சர்க்கார் நாள் குறித்துக் கொடுக்கிறது. நெருப்புப் போட்டு நீராவி ஏறினால் ஒரு நாள் கழிந்தது. பத்து நிமிஷம் ஓடினாலும் நாள் முழுக்க ஓடினாலும் கணக்கு ஒன்றுதான். அப்படி ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு நாள், அல்லது பதினைந்து வருஷம், எது முதலில் வருகிறதோ அதோடு பாய்லரை முழுசாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கான வசதி ஆல்மிராவுக்கு ஏழேழு ஜென்மத்துக்கும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, நாள் தீர்ந்தால் எஞ்சினும் தீர்ந்தது.

கடைசி வருஷம் அக்டோபரில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. அதைச் சனிக்கிழமைக்கு என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். பேண்டு வாத்தியம், ஆப்பிள் பை பலகாரம், அறுநூறு பேர். சாமான் கடை ராலின் டிவோராக் ஆறு இடம் பிடித்து, ஒமஹாவிலிருந்தும் டென்வரிலிருந்தும் மகள்களை வரச் சொல்லியிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த வியாழக்கிழமை. அக்டோபரின் இரண்டாவது வியாழன் எப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஓட்டம். அந்த வருஷம் கடைசி நாளைச் சனிக்கிழமைக்கு மிச்சப்படுத்த அதை ரத்து செய்திருந்தார்கள். ரத்து செய்யச் சொன்னதே ஆர்டிஸ்தான். இருந்தாலும் பதினான்கு வருஷப் பழக்கம் அவளை நாலு மணிக்கு எழுப்பி, கொட்டகைக்குக் கூட்டிப்போய், நெருப்பையும் போடவைத்தது. விடிந்து, பள்ளிக்கூட பஸ்களைக் காணோமே என்று எட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அழுத்தமானியின் முள் முப்பதில் நின்றது; நீராவி ஏறிவிட்டது, கடைசி நாள் கழிந்துவிட்டது.

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஈ காக்கை இல்லை. நெருப்பை வாரிக் கொட்டிவிட்டால் மத்தியானத்துக்குள் ஆறிவிடும். சனிக்கிழமை யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு நாள் கூடினால் பாய்லர் வெடித்துவிடாது என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கால்மணி நேரம் யோசித்தாள். யார் கண்ணும் படாத இடத்திலும் வெல்டிங் சுத்தமாக இருக்கவேண்டும் என்று வாழ்ந்தவள் அவள். கடைசியில் எழுந்துபோய் மேனேஜர் லைமன் கெஸ்டர்சனுக்குப் போன் செய்தாள்.

"லைமன், ஒரு தப்பு பண்ணிட்டேன். எஞ்சினுக்கு நெருப்பு போட்டுட்டேன்."

"இன்னைக்கு வியாழக்கிழமை, ஆர்டிஸ்."

"தெரியுது. இப்பத்தான் தெரியுது."

முள் எங்கே நிற்கிறது என்று கேட்டார். சொன்னாள்.

"அப்ப அணைக்காதீங்க. போட்டது போட்டாச்சு, இன்னைக்கே ஓட்டிருவோம். வண்டியில ஏத்த யாராவது சிக்குறாங்களான்னு பாக்குறேன்."

சிக்கியவர்கள் பதின்மூன்று பேர். லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் போர்வை தைத்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்கள் ஊசியும் கையுமாக வந்தார்கள். தபால்காரர் பையோடு ஏறினார். மாட்டு டாக்டர், பாதி முடிவெட்டிய தலையோடு ஒருவர், அவருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தவர், வழிதவறி வந்த காப்பீட்டு ஏஜென்ட். டிரைவர் மெர்ல் சண்ட்பி காலைச் சாப்பாடுகூட இல்லாமல் ஓடிவந்தார். அறுத்த வயல்களின் மேல் புகை தாழ்ந்து படிய, முப்பத்துமூன்று பதினோரு மைலும் போய்த் திரும்பியது. அவ்வளவு அழகாக அது என்றைக்குமே ஓடியதில்லை. ஆர்டிஸ் அழுதுகொண்டே கரி போட்டாள்.

சனிக்கிழமை டீசல் இழுத்த வண்டியில் ஏறிய ஊர் அவளைச் சும்மா விடவில்லை. ராலின் டிவோராக் நேராக வந்து மகள்கள் எதிரிலேயே கேட்டார்.

"பதினஞ்சு வருஷத்துல ஒரே ஒரு நாள ஞாபகம் வெச்சுக்கச் சொன்னோம். அதுக்கும் துப்பில்ல, இல்ல?"

அதன்பின் எஞ்சின் கொட்டகையில் குளிர்ந்து நின்றது, இவள் வீட்டுக்குள் ஒடுங்கினாள். சர்ச்சில் கடைசி வரிசை, கடைத்தெருவில் குனிந்த தலை. யாரும் அவளை ஒதுக்கவில்லைதான். அவளே ஒதுங்கிக்கொண்டாள், அது இன்னும் கொடுமை.

வருஷங்கள் போகப் போக ஒரு வேடிக்கை நடந்தது. அந்த வியாழக்கிழமை வண்டியில் நானும் இருந்தேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் இருபது பேர், பிறகு நாற்பது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அன்று ஓடியதோ ஒரே பெட்டி, அதிலும் பாதி காலி.

பதினோரு வருஷம் கழித்து, தீயணைப்பு நிலையத்தில் ஊர் கூடி அப்பம் சாப்பிடும் விருந்து நடந்த ஒரு ஞாயிறு. ராலின் வெளியூர்க்காரர் இருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி போன் வந்தது, எப்படிக் கடையைப் பூட்டாமலே ஓடினார், மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்து என்னென்ன பார்த்தார் என்றெல்லாம். கிழவருக்கு எண்பத்திரண்டு வயது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. பாதியில் தலை நிமிர்ந்தவர், எதிரே தட்டோடு ஆர்டிஸ் நிற்பதைக் கண்டார்.

"எஞ்சின்ல இருந்தது இவங்கதான்" என்றார், மெதுவாக. "கேட்டுப் பாருங்க."

வெளியூர்க்காரர்கள் திரும்பினார்கள். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துப் பழி தீர்த்துக்கொள்ள அவளுக்கு 'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும்.

"ஆமா, இருந்தாரு" என்றாள் ஆர்டிஸ். "ரெண்டு தடவ எனக்குக் கை காட்டினாரு. நான்தான் வேலை மும்முரத்துல திரும்பக் காட்டல."

ராலின் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.