ஈரல் கழுவுகிறவள்

ஆடு அறுக்கும் கூடத்தில் அவளுக்கு ஈரலக்கா என்று பெயர். அறுப்பவன் அவள் புருஷன். அவன் அறுத்துத் தள்ளுவான், தோலுரிக்கிறவன் உரித்துக் கொக்கியில் மாட்டுவான், வயிற்றிலிருந்து சரிந்து விழுவதை அள்ளி சிமெண்டுத் தொட்டியில் போட்டுக் கழுவுவது அவள் வேலை. பதினெட்டு வருஷம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள், கையில் இருப்பது நல்ல ஈரலா கெட்டதா என்று. நல்லது விரலுக்கு வழுக்கும். கெட்டதற்குள் பை இருக்கும். வெளுத்து இறுகி, கோலிக்குண்டு அளவில் இருக்கும், எலுமிச்சம்பழ அளவிலும் இருக்கும். கத்தி பட்டால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். தெளிந்த தண்ணீர்தான். ஆனால் அடியில் வெள்ளை மணல் போல ஏதோ தங்கும்.

கெட்ட ஈரலைப் போட்டு மூடக் கூடத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குழிவரை நடந்தவர் யாருமில்லை. பின்வாசலிலேயே நாய்கள் நிற்கும்போது குழி எதற்கு?

"மனுஷனுக்கு ஆகாதது நாய்க்கு ஆகும்" என்பான் புருஷன். முதல் துண்டைத் தன் செவலை நாய்க்கு வீசுவான். அதற்கு மாப்ளே என்று பெயர் வைத்திருந்தான். பெண் பிறக்காத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அது மடியில் ஏறி அவன் வாயை நக்கும். அதன் முதுகைத் தடவிய கையாலேயே சோற்றைப் பிசைவான். "என் ராசா, என் தங்கம்" என்பான். அந்தக் குரலில் அவளை அவன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அவளை அடிப்பான். குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை, அதில் அவனுக்குப் பெருமை. "தண்ணி என் நாக்குல பட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே அடிப்பான். உப்புக் குறைந்தால் அடி. கதவைத் திறக்கத் தாமதித்தால் அடி. ஒருமுறை கொக்கியைத் திருப்பிப் பிடித்துத் தோளில் போட்டதில் எலும்பு இறங்கிவிட்டது. இன்றும் அந்த இடது கை தலைக்கு மேல் போகாது. மறுநாள் ஒற்றைக் கையால் நாற்பது ஈரல் கழுவினாள்.

தோலுரிக்கிறவன் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "அக்கா, கல்லீரல்னு சொல்றோமே, அண்ணன்கிட்ட கல்லு மட்டுந்தான் இருக்கு. ஈரத்தைக் காணோம்."

"சிரிக்க வெக்காதடா. தோளு வலிக்குது."

அந்த வருஷம் புருஷனுக்கு வலது விலாவுக்குக் கீழே கனத்தது. ஆட்டைக் காலுக்கிடையில் அமுக்கிக் கழுத்தில் ஒரே இழுப்பு இழுக்கிறவன், இரண்டு இழுப்பு இழுக்க வேண்டி வந்தது. பாதி அறுந்த கழுத்தோடு ஒரு ஆடு எழுந்து கூடம் முழுக்க ரத்தம் தெறிக்க ஓடியது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தான்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஈரல்ல தண்ணி கட்டியிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். "யாரைப் பாத்துக் குடிகாரன்ங்கற?" என்று மேஜைக்கு மேலே எட்டி டாக்டரின் சட்டையைப் பிடித்தான். விலக்க வந்த உதவியாளனின் மூக்கை உடைத்தான். நான்கு பேர் சேர்ந்து அவனை வெளியே இழுத்துப்போனார்கள். அவன் கத்துவது வராந்தா முடியும்வரை கேட்டது. "தண்ணியே தொடாதவன்டா நான்!"

டாக்டர் பொத்தான் அறுந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, அவளை உட்காரச் சொன்னார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

"ஈரல் கழுவறேன்."

"அப்ப சொன்னா புரியும். தண்ணிப் பை இருக்கற ஈரல் பாத்திருப்பீங்க. அதே பைதான் அவருக்குள்ள இருக்கு. தேங்காய் அளவு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "கெட்ட ஈரல் எதையும் நாங்க சமைச்சதில்லிங்க."

"ஆட்டுக்கிட்டேருந்து நேரா வராது. நடுவுல நாய் வேணும். அந்த ஈரலை நாய் தின்னா அதோட குடல்ல புழு உண்டாகும். முட்டை மலத்துல வரும், ரோமத்துல ஒட்டிக்கும். தடவின கை வாய்க்குப் போனா, மனுஷன் ஈரல்ல போய்த் தங்கி வருஷக்கணக்கா வளரும்."

அவளுக்கு மாப்ளேயின் நாக்கு ஞாபகம் வந்தது.

"மாத்திரை தரேன். மாசக் கடைசியில ஆபரேஷன். அதுவரைக்கும் அந்த எடத்துல அடி படக் கூடாது. பை உள்ள உடைஞ்சா உடம்பெல்லாம் தடிச்சு, தொண்டை அடைச்சு, மூச்சு நின்னுரும். உடனே தூக்கிட்டு ஓடி வரணும்." எழுதியபடியே சேர்த்துச் சொன்னார்: "நீங்களும் ஜாக்கிரதை. கூடத்துல வேலை முடிஞ்சா முதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

மாத்திரைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு நடந்தாள். அவள் மனதில் பதிந்தது ஒன்றுதான். வலது விலாவுக்குக் கீழே, ஒரு அடி.

மாத்திரையை அவன் சாக்கடையில் வீசினான். மறுபடி வாங்கி வந்து, பொடித்து, குழம்பில் கலந்து ஊற்றினாள். அவன் மத்தியானம் மல்லாந்து தூங்கும்போது சட்டை மேலேறி அந்த இடம் தெரியும். லேசாகப் புடைத்திருக்கும். அம்மிக்குழவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடுப்படியில் நின்று பார்ப்பாள். பிறகு அடுத்த வேளை மாத்திரையைப் பொடிப்பாள். ஏன் இரண்டையும் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்தில் கெட்ட ஈரலை நாய்க்குத் தருவதை நிறுத்தினாள். வாளியில் மூடி எடுத்துப்போய்க் குழியில் கொட்டினாள். நாய்கள் பின்வாசலில் நின்று உறுமின. ஒன்பதாம் நாள் மத்தியானம், தோலுரிக்கிறவன் முன்வாசலில் வண்டிக்குத் தோல் ஏற்றப் போயிருந்தபோது, புருஷன் வாளியைப் பார்த்துவிட்டான்.

"இது எங்க போகுது?"

"குழிக்கு."

"என் மாப்ளே வாயில மண்ணைப் போட்டியா? அந்த டாக்டர் பய பேச்சா?"

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். உதடு கிழிந்து ரத்தம் தொட்டித் தண்ணீரில் சொட்டியது. தலைமயிரைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினான். குடலுக்கும் கொழுப்புக்கும் நடுவில் அவள் மூக்கில் தண்ணீர் ஏறியது. தூக்கினான், மறுபடி அமுக்கினான். பிடி நழுவியதும் அவள் நிமிர்ந்தாள். அவன் இரண்டடி பின்னால் போய், முழு பலத்தையும் காலில் கொண்டுவந்து உதைக்க ஓடி வந்தான்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் விலகினாள்.

வேறெதுவும் செய்யவில்லை. கீழே கிடந்த கொழுப்பில் அவன் கால் வழுக்கியது. தொட்டியின் சிமெண்டு முனை வலது விலாவுக்குக் கீழே போய்க் குத்தியது. கத்தவில்லை. உட்கார்ந்தான். கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் ஒவ்வொன்றாக எழும்பின. உதடு வீங்கியது. மூச்சு விசில் போல வந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

"தூக்கு" என்றான். பாதிதான் வெளியே வந்தது.

அவள் குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. நகத்துக்கடியில் இருந்ததை ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். முழங்கைவரை நுரைத்து, கழுவி, இன்னொரு முறை சோப்புப் போட்டாள். பின்வாசலில் மாப்ளே குரைத்துக்கொண்டே இருந்தது. குழாயை இறுக்கி மூடி, கையை உதறிவிட்டு, முன்வாசலுக்கு நடந்துபோய்த் தோலுரிக்கிறவனைக் கூப்பிட்டாள்.

புருஷன் செத்துப்போகவில்லை. வயிற்றைத் திறந்து உரித்த திராட்சை போலப் பைகளை அள்ளி எடுத்தார்களாம். சில சிதறியிருக்கும், திரும்ப முளைக்கலாம், வருஷக்கணக்கில் மாத்திரை வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவன் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஏண்டி அவ்வளவு நேரம்?"

"கை கழுவிட்டு வந்தேன்."

பக்கத்துக் கட்டிலருகே நின்ற டாக்டர் திரும்பி, "ரொம்பச் சரிம்மா" என்றார்.

அவள் மாத்திரையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.