பட்டா ஹை

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் தங்களுக்கு இந்தி தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். அப்பாவுடையது ஹார்பர் இந்தி. தூக்கு, இறக்கு, கயிற்றைப் பிடி, கையைப் பார்த்து வை. அதற்கு மேல் அதில் சரக்கு கிடையாது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஜங்லிகாட்டில் டீக்கடை வைத்திருந்தார். அவருடைய இந்தி கடை வாசலைத் தாண்டாது. அம்மாவோ மீன்காரியிடம் விலை கேட்கிற அளவோடு நின்றுவிட்டாள். வங்காளிப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் பள்ளிக்கூடத்தில் இந்தியிலேயே சண்டை போட்டு, இந்தியிலேயே சமாதானம் ஆகி வளர்ந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வீடு வாங்கும் பேச்சு வந்தபோது, நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை நடுவில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த மிதப்பு, பிற்காலத்தில் வேலை கிடைத்தபோதுகூட வரவில்லை.

வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அம்மாதான். ராமநாதபுரம் பக்கம் அம்மாவின் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தவர். விளைந்தாலும் அளக்கவேண்டும், விளையாவிட்டாலும் அளக்கவேண்டும். ஊரில் பட்டா வைத்திருந்தவர்கள் சில குடும்பங்கள்தான். அவர்கள் தெருவில் வந்தால் மற்றவர்கள் ஓரமாக நிற்பார்களாம். பட்டா என்ற சொல்லை அம்மா சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். தன் பட்டாவில் தான் கால் ஊன்றி நிற்கவேண்டும் என்றுதான் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தேன் என்பாள். ஹார்பர் வேலைக்காகத்தான் வந்தோம் என்று அப்பா பாவம் நினைத்துக்கொண்டிருந்தார்.

விற்க வந்தவரை ஊரே மௌசி, அதாவது சின்னம்மா, என்று கூப்பிடும். கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்திலிருந்தே தீவில் இருக்கிற குடும்பம். ஒரே மகள் பாராடாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளோடு போய் இருந்துவிடுவதாக மௌசி முடிவு செய்திருந்தார். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீடு. பின்பக்கம் ஒரு பலா, முன்பக்கம் செம்பருத்தி. மழைக்காலத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை அறைக்குள் தண்ணீர் வந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு குசலம் விசாரிக்கும். மௌசியின் வீடு மேட்டில் இருந்தது. அம்மாவுக்கு அதைப் பார்த்த மாத்திரத்திலேயே மனசு போய்விட்டது.

பேச்சை மாமாதான் நடத்தினார். ஊரில் ஒரு வழக்கில் அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். இவர் சாட்சி சொன்ன கட்சி தோற்றுப்போனது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து சட்டம் தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மொதல்ல வில்லங்கம் இருக்கான்னு கேளு."

வில்லங்கத்துக்கு எனக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. நான் தெருவில் சண்டை இழுத்துக்கொண்டு வந்தால் "வில்லங்கம் புடிச்சவளே" என்றுதான் அம்மா வைவாள். ஆக, வில்லங்கம் என்றால் சண்டை. "மௌசி, கோயி ஜக்டா ஹை?" என்று கேட்டேன்.

மௌசியின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் காத்திருந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டு ஆடு செம்பருத்தியைத் தின்றது, தட்டிக்கேட்டால் ஆட்டுக்காரி ஆட்டுக்குப் பரிந்துகொண்டு வந்தது, இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதது என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"வில்லங்கம் இருக்காம் மாமா," என்றேன். "பக்கத்து வீட்டு ஆட்டோட."

மாமா வெலவெலத்துப் போனார். "ஆட்டுப் பேருலயா? அது எப்பிடிடி?"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அது வெறும் செம்பருத்திச் சண்டை என்று மாமாவுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பிறகு வாரிசு எத்தனை பேர், பின்னால் யாராவது பங்கு கேட்டு வருவார்களா என்று கேட்டார். மகள் ஒருத்திதான், அவளும் வந்து கைநாட்டு வைப்பாள் என்றார் மௌசி. வீட்டின் பேரில் கடன் உண்டா என்று கேட்டதற்கு, தன் பேரில் இன்றுவரை டீக்கடைப் பாக்கிகூடக் கிடையாது என்று மாமாவைப் பார்த்தே சொன்னார். மாமாவால் அதை மறுக்க முடியவில்லை.

அதுவரை பொறுத்திருந்த அம்மா குறுக்கே பாய்ந்தாள். "அந்தக் கதையெல்லாம் கெடக்கட்டும். பட்டா இருக்கான்னு கேளுடி."

இதற்கு எனக்கு வேலையே இல்லை. அங்கேயும் பட்டாதான், இங்கேயும் பட்டாதான். "பட்டா ஹை?" என்றேன்.

"ஹை, ஹை! பிதாஜி கே ஜமானே ஸே பட்டா ஹை," என்றார் மௌசி. தன் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறதாம். நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்துபோய் மௌசியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். மாமா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கூடவே போட்டார்.

பத்திரம் மாற்றுவதற்கு முன்னால் இடத்தை அளக்கவேண்டும் என்று பட்வாரி ஒரு காலையில் சங்கிலியோடு வந்தார். நம் ஊரில் கர்ணம் பார்க்கிற வேலையை இங்கே பட்வாரி பார்ப்பார். அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அளந்து முடித்து மௌசியின் காகிதத்தைப் படித்துவிட்டு, பட்வாரி இந்தியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நானும் நிறுத்தி நிதானமாகவே தமிழில் சொன்னேன்.

"நெலம் சர்க்காரோடதாம். மௌசிகிட்ட இருக்கிற பட்டாவ நம்ம பேருக்கு மாத்தணும்னா ஆபீஸ்ல பெரிய சாகிப் பர்மிஷன் தரணுமாம்."

மாமா பிடித்துக்கொண்டார். "சர்க்கார் நெலமா? பட்டா இருக்குன்னுல்ல சொன்னாக?"

"பட்டா ஹை நா!" என்றார் பட்வாரி. இவர்களுக்கு என்ன கேடு என்பதுபோல் எங்களைப் பார்த்தார். "பட்டா மத்லப் லீஸ்."

லீஸ் ஹார்பரில் புழங்குகிற சொல். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "இவுக பாஷையில பட்டான்னா குத்தகையாம்," என்றார் மெதுவாக.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் புடவை சேற்றில் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. "குத்தகையா?" என்று ஒருதரம் கேட்டாள். பிறகு, "எங்க அப்பாவுக்கும் குத்தகை, எனக்கும் குத்தகை. இதுக்கா கடலத் தாண்டி வந்தேன்?" என்றாள். மௌசிக்குக் கோபமான கோபம். பட்டா இருக்கிறதா என்று கேட்டீர்கள், இருக்கிறது என்றேன், இதில் என்ன பொய் என்று என்னிடம் நியாயம் கேட்டார். அவர் சொன்னதும் சரி, அம்மா கேட்டதும் சரி. அத்தனை பேச்சில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான். எனக்கு அழுகை முட்டியது. பலா மரமும் போச்சு, மேட்டு வீடும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். "அவருகிட்ட ஒண்ணு கேளு. இங்க யாருக்குத்தான் நெலத்தச் சொந்தமாக் குடுத்திருக்காக? மரைன் ஹில்லுல அந்தக் காண்ட்ராக்டர் வீடு?"

அந்தக் காண்ட்ராக்டரும் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்தான். அங்கே அவர் குடும்பத்துக்கு ஏகப்பட்ட பட்டா நிலம் உண்டு. இங்கே மரைன் ஹில்லில் கடலைப் பார்த்த பெரிய வீடு. பட்வாரி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "வோ பீ பட்டா. யஹாங் சப் கா பட்டா," என்றார்.

"அவுகளும் குத்தகைதானாம். இங்க எல்லாருக்கும் அதானாம்."

"எல்லாருக்குமா? நல்லாக் கேட்டியா? இன்னொருக்காக் கேளு."

இன்னொருதரம் கேட்டேன். பட்வாரிக்கு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரி, காண்ட்ராக்டர், படகுக்காரன் எல்லோரும் சர்க்கார் நிலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்தத் தீவு முழுக்க ஜமீன்தார் என்று ஒருத்தன் கிடையாது என்று எரிச்சலோடு சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். இந்தத் தடவை ஜமீன்தாரையும் விடாமல் நிலத்துக்காரர் என்று தமிழில் மாற்றியே சொன்னேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு. அப்புறம் வாய்விட்டு. அப்புறம் கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கோபமாக நின்ற மௌசிக்கு என்ன ஏது என்று தெரியாவிட்டாலும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தத்தில் ஆட்டுக்காரி வேலிக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"வாங்கிருவோம்," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அக்கா, யோசிச்சுப் பேசு. சொந்தமில்லாத நெலத்துல..."

"சும்மா இருடா, பெரிய சாட்சிக்காரா."

பர்மிஷன் வந்தது. மௌசியின் மகள் பாராடாங்கிலிருந்து வந்து கைநாட்டு வைத்தாள். நாங்கள் பால் காய்ச்சினோம், மௌசி அல்வா கிண்டினார், வாசலிலிருந்து ஆரம்பித்து அடுப்படி வரைக்கும் ஒரே கூத்து. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். சொந்தமில்லை என்று தெரிந்த பிறகு ஒருத்தி அப்படிச் சிரிப்பாளா? ஏமாற்றத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து அப்பாவிடம் கேட்டேன். "நீதானடி எல்லாத்தையும் மொழிபெயர்க்கிறவ, நீயே சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அம்மா தையல் தெரிந்தவள். குடிபோன சில நாளில் காண்ட்ராக்டர் வீட்டம்மா ரவிக்கைத் துணியோடு வந்தார். வாடகை அறையில் இருந்தவரைக்கும் அவர் தலை தெரிந்தாலே அம்மா மெஷினை விட்டு எழுந்துவிடுவாள். அவர் அளவு சொல்லி, குறை சொல்லி, ஊர்க்கதை சொல்லிக் கிளம்பும் மட்டும் நின்றுகொண்டேதான் இருப்பாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. கால் இரண்டும் மிதிபலகையின் மேலேயே இருந்தன. "வாங்க, உக்காருங்க," என்று பக்கத்து முக்காலியைக் காட்டினாள். அந்த அம்மா முக்காலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒரு நிமிஷம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு நான் அம்மாவிடம் போனேன். பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்கவேண்டும் என்று எனக்குக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"காலு மரத்துப்போச்சாம்மா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாடி ஆமா," என்று சிரித்துக்கொண்டே மெஷினை மிதித்தாள். ஐயோ பாவம் என்று உள்ளே ஓடி, தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து, இரண்டு காலுக்கும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன்.