ஸ்டியரிங் சரியான டிசம்பர்

தோட்டத்துத் துரையின் பழைய காரை மாமா செப்பனிட்டது 1934 டிசம்பரில். அதற்கு முந்தைய ஆண்டு என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். ஆங்கிலேய மன்னரின் வெள்ளிவிழாவுக்குப் பள்ளியில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கார் வேலை நடந்தது இரண்டாம் வகுப்பு முடிந்த டிசம்பர் விடுமுறையில். வெள்ளிவிழா 1935 மே மாதம். இதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை என்று நினைத்து, நூலகத்தில் பழைய நாளிதழ்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பேப்பர்காரனா வந்து அந்தக் காருக்கடியில படுத்தான்?" என்று கேட்டாள். ஆனாலும் ஆண்டை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மலாய் நாட்டில், கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. துரையின் ஆபீசில் உட்கார்ந்து ஆட்களின் வேலைக் கணக்கு எழுதுவது அவர் உத்தியோகம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்த காலத்தில் கம்பெனி பழைய துரையையும் சீமைக்குத் திருப்பி அனுப்பியது. கப்பலேறும் அவசரத்தில் அவர் தம் நாயைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரிடமும் காரை மாமாவிடமும் தள்ளிவிட்டுப் போனார். இரண்டில் நாய்தான் நல்ல நிலையில் இருந்தது என்பார் அப்பா.

பந்தயக் கார்களின் சாயலில் செய்த இரண்டு இருக்கை வண்டி அது. கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு கித்தான் படுதா. நீண்ட மூக்கின் குறுக்கே தோல் வார் ஒன்று கட்டியிருக்கும். வண்டி ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாம். பழைய துரை அதை வேகமாக ஓட்டினார், ஆனால் கிரீஸ் வைத்ததில்லை. முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் துருவேறித் தட்டையாகப் படுத்துவிட்டன. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் என் பற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். அதுவரை வண்டி தன் விருப்பப்படி போகும். கொஞ்சம் வேகம் கூட்டினால் முன்சக்கரங்கள் இரண்டும் நடுங்கத் தொடங்கி, அந்த நடுக்கம் மாமாவின் முழங்கை வரை ஏறும்.

அந்தக் காலத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். இதை எழுதிவைத்த சட்டம் எதையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை, தேடியும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எல்லோரும் இறங்கினார்கள். சைக்கிள் வைத்திருந்த வரைக்கும் மாமாவும் இறங்கியவர்தான். கிராணி காரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் எந்தக் கிராணியும் காரில் வந்ததில்லை.

அந்தக் கேள்விக்குப் பழுதான ஸ்டியரிங் பதில் சொல்லிவிட்டது. சடக்கு என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துச் செம்மண் சாலை குறுகலானது, இரண்டு பக்கமும் வாய்க்கால். அலைகிற வண்டியை வைத்துக்கொண்டு அங்கே இன்னொரு காரைக் கடக்க முடியாது. ஆகவே பழையவருக்குப் பின் வந்த புதிய துரையின் கார் எதிரே தெரிந்தால் மாமா ஓரங்கட்டி நிறுத்துவார், இறங்குவார், முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார். துரை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திவிட்டுக் கடந்து போவார். மாமா சக்கரத்துக்காக இறங்கினார். துரை அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் அமைதி நிலவியது. நகரத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்களுக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தது துரையின் வாய். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், முந்தைய நாள் குடையை மடக்காமல் போன ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரைத் துரை தம் தோட்டத்துத் தமிழில் ஏசினார். "கிராணி கார்ல வர்றான். அவனே எறங்கி நிக்கிறான். நீ பெரிய ஆளா?" பக்கத்தில் பேரேட்டோடு மாமா நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர் இதைச் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் லீவில் ஸ்டியரிங்கைச் சரிசெய்யப் போவதாகவும் சொன்னார். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"வேணாம் தம்பி. அது பாட்டுக்குப் பழுதாவே இருக்கட்டும்."

"ஆபத்து அத்தான். வாய்க்கால்ல எறங்கிடும்."

"மெதுவா ஓட்டு. இன்னிக்கு வேலை இல்லாத கிராணி எத்தனை பேரு எங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்கான்னு நான் தினமும் பாக்கறேன்."

"சக்கரம் ஆடுதுன்னு எறங்கினேன். ஆடலைன்னா எதுக்கு எறங்கணும்? அதை மட்டும் சொல்லுங்க, நான் கார்ல கை வைக்கல."

அப்பா ரசத்தைக் குடித்தார். எனக்கு எட்டு வயது. ரயில்வேயில் வேலை பார்க்கிற, திருகாணி தளர்ந்தால்கூட விடாத அப்பா, ஒரு வண்டியைப் பழுதாகவே வைத்திரு என்று கெஞ்சியது எனக்கு விளங்கவே இல்லை. அப்பாவுக்குக் கார்மேல் பொறாமை என்று முடிவு செய்துகொண்டேன்.

டிசம்பர் மழையில் மாமா காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தினார். மேலே படுதா கட்டினார். கழற்றியதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருந்த, தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் சீன முதலாளியின் பட்டறைக்குப் போனோம். சக்கரம் திரும்பும் ஆணிகளைச் சுற்றியிருந்த வெண்கலப் புஷ் வளையங்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. தவுக்கே அதற்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். "தா போலே லா," என்றார், ஆகாது என்று. பிறகு சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வண்டியை ஓட்டியவன் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று மலாயில் கேட்டார். சீமையில் சௌக்கியமாக இருக்கிறார் என்றார் மாமா.

புது வெண்கலத்தைக் கடைந்து புஷ் செய்தார்கள். ஸ்பிரிங்கின் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, உலையில் சிவக்கக் காய்ச்சி, மறுபடி வில்லாக வளைத்து எண்ணெயில் அமிழ்த்தினார்கள். தட்டையாகப் போனவை வளைந்து வெளியே வந்ததைப் பார்த்து நான் கைதட்டினேன். கிரீஸ் தடவி அடுக்கிக் கட்டி மாட்டியதும் காரின் மூக்கு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. அதைப் பார்த்த அம்மா, "இப்பவே திமிராத்தான் நிக்குது," என்றாள்.

மிச்சமிருந்தது ஸ்டியரிங் பெட்டி. மாமா காருக்கடியில் படுத்துப் பெட்டியின் திருகை முடுக்க, மேலே ஒருவர் உட்கார்ந்து சொன்னபடி திருப்ப வேண்டும். எனக்குக் கை எட்டவில்லை. அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார், போகாவிட்டாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே அம்மா புடவையை வரிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். காரின் அடிப்பலகை வழியாகவே சண்டை நடந்தது.

"வலப்பக்கம், அக்கா."

"திருப்பிட்டேன். உனக்கு ஏன்டா இந்த வம்பு?"

"மெதுவா. இன்னும் ஆடுது."

"ஆடட்டும். ஆடினாத்தான் உனக்குச் சோறு."

"இடப்பக்கம்."

"கல்யாணம் ஆகாத பையன். வேலையும் போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

"அக்கா, ரெண்டு கையாலயும் பிடி. சண்டையைக் கையை எடுக்காமப் போடு."

அம்மா இரண்டு கையாலும் பிடித்தாள். மாமா இன்னும் ஒரு திருகு முடுக்கினார். அம்மா லேசாக அசைத்தாள். வெளியே முன்சக்கரம் அந்தக் கணமே அசைந்தது. மறுபக்கம் அசைத்தாள், அதுவும் அசைந்தது. மாமா கேட்காமலே இன்னும் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள். "சொன்ன உடனே கேக்குதே," என்றாள். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை.

மிச்ச விடுமுறைக்கு அம்மாவும் நானும் மாமாவோடு தோட்டத்துக்குக் கிளம்பினோம். நான் அம்மாவின் மடியில். கிள்ளான் சாலையின் ரயில் கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி ஒருமுறை அமிழ்ந்து எழுந்ததோடு சரி. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்படி பாப்பா?" என்றார். இன்னொரு தரம் தாண்டலாம் என்றேன்.

தோட்டத்துச் சடக்கில் திரும்பியபோது மழை விட்டிருந்தது. நேர் எதிரே, தூரத்தில், துரையின் கார் சடக்கின் நடுவிலேயே வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒதுங்கிப் பழக்கமில்லை. எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு பெண் தலையில் விறகுக்கட்டோடு நடந்துகொண்டிருந்தாள். துரையின் காரைக் கண்டதும் அவள் வாய்க்காலில் இறங்கினாள். முழங்கால் அளவு செந்தண்ணீரில், சுமையை இறக்காமல், சடக்குக்கு முகம் காட்டி நின்றாள்.

மாமா ஆக்ஸிலரேட்டரில் வைத்திருந்த காலைத் தளர்த்தினார். வண்டியின் வேகம் குறைந்தது. அவர் எங்கள் இருவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எங்களை நினைத்துத்தான் குறைத்தார் என்று இப்போது தெரிகிறது. அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நிறுத்தாத. நேரா போ."

மாமா இடது ஓரத்தைப் பிடித்தார். சக்கரங்கள் வாய்க்கால் விளிம்புப் புல்லை ஒட்டி ஓடின. ஒரு முழம் அப்படி இப்படிப் போனாலும் உள்ளே விழுந்திருப்போம். துரை ஹாரன் அடித்தார். மாமா கையை அசைக்கவில்லை, வண்டியும் அலையவில்லை. துரை மறுபடி அடித்தார். கடைசி நேரத்தில் அவருடைய கார்தான் விலகியது. அதன் ஒரு சக்கரம் ஈரப் புல்லில் சறுக்கி நிற்க, நாங்கள் உரசாமல் கடந்தோம். அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். கடக்கும்போது ஒரு விரலை உயர்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் உயர்த்தினேன். வாய்க்காலில் நின்ற பெண் எங்களைப் பார்த்தாள். விறகுக்கட்டு அவள் தலையில் அப்படியே இருந்தது. மாமாவின் குவார்ட்டர்ஸில் போய் இறங்கினோம்.

மறுநாள் காலையில் ஆபீஸ் பியூன் வந்து மாமாவை அழைத்துப் போனார். மாமா சீக்கிரமே திரும்பி வந்தார். "சாமானைக் கட்டலாம் அக்கா," என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரங்களை வேட்டியில் சுற்ற ஆரம்பித்தாள். பெட்டியைக் காரின் பின்னால் வைத்து மாமா கயிறு போட்டார். "நல்லா ஓடற காரை வச்சுக்கிட்டு இந்தத் தோட்டத்துல இருக்க முடியாது," என்றாள் அம்மா, கயிற்றின் மறுமுனையை இழுத்துக்கொண்டே. திரும்பும் வழியில் மாமா சீழ்க்கை அடித்தார். அவர் எங்களோடு வந்து தங்கப் போகிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் அப்பா நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"எறங்கலையா?"

"எறங்கல அத்தான்."

அப்பா காரைச் சுற்றி வந்தார். முன்பக்கத்தை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினார். அது அமிழ்ந்து, ஒரே தரம் எழுந்து, நின்றது.

"வண்டி அலையலையே?"

"ஒரு நூல் அலையல."

"சரி. கை கழுவிட்டுச் சாப்பிட வா."

ஜனவரியில் பள்ளி திறந்ததும் என் வகுப்புப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன்: எங்கள் மாமாவின் கார் ஸ்டியரிங் சரியாகிவிட்டது, அதனால் அவர் இனிமேல் எங்கள் வீட்டில்தான் இருப்பார். ஸ்டியரிங்குக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நல்லா ஓடற காரை வச்சுக்கிட்டு அந்தத் தோட்டத்துல இருக்க முடியாதாம். சடக்கு ரொம்பக் குறுகல் என்பதால் அம்மா அப்படிச் சொன்னாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.